நீடிக்கும் இருமல் காசநோயா, புற்றுநோயா? நுரையீரல் புற்றுநோயின் அறிகுறிகளும் பரவலும்

புது தில்லி: வாரக்கணக்கில் நீடிக்கும் இருமல், சளியில் ரத்தம், பசியின்மை, உடல் மெலிவு ஆகியவற்றைக் கண்டதும் இந்தியாவில் முதலில் எழும் ஐயம் காசநோய் குறித்ததாகும். உலகின் காசநோயாளிகளில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கினர் இந்தியாவில் உள்ளதால் அந்த ஐயம் இயல்பானதே. ஆனால், நுரையீரல் புற்றுநோய்க்கும் இவை அறிகுறிகளாகும். மார்பு எக்ஸ்ரே படத்திலும் இரு நோய்களும் ஒன்றுபோலத் தோன்றக்கூடும். சளிப் பரிசோதனையில் கிருமி உறுதி செய்யப்படாத நிலையில் காசநோய் மருந்து தொடங்கப்பட்டு, சில மாதங்களுக்குப் பின் புற்றுநோய் கண்டறியப்படும் நிகழ்வுகள் நாட்டில் தொடர்கின்றன.

உலக சுகாதார அமைப்பின் சர்வதேச புற்றுநோய் ஆய்வு முகமையின் மதிப்பீட்டின்படி, 2022-ஆம் ஆண்டில் உலகில் சுமார் 25 லட்சம் பேருக்கு நுரையீரல் புற்றுநோய் கண்டறியப்பட்டது. சுமார் 18 லட்சம் பேர் உயிரிழந்தனர். அதே ஆண்டில் இந்தியாவில் புதிதாகப் பாதிக்கப்பட்டோர் 80 ஆயிரத்துக்கும் அதிகம்.

தாமதம் ஏன்?

நுரையீரல் திசுவில் வலியை உணர்த்தும் நரம்புகள் மிகக் குறைவு. எனவே, கட்டி வளரத் தொடங்கும்போது வலி ஏற்படுவதில்லை. கட்டி மூச்சுக்குழாயை அடைக்கும்போது அல்லது நுரையீரல் உறையைத் தொடும்போதுதான் பலருக்கு அறிகுறிகள் தென்படுகின்றன.

கவனிக்க வேண்டிய அறிகுறிகள்

* இரண்டு, மூன்று வாரங்களுக்கு மேல் நீடிக்கும் இருமல் அல்லது வழக்கமான இருமலின் தன்மை மாறுதல்
* சளியில் சிறிதளவேனும் ரத்தம்
* மூச்சுத்திணறல், மூச்சை இழுக்கும்போது மார்பு வலி
* நுரையீரலின் ஒரே பகுதியில் மீண்டும் மீண்டும் நிமோனியா
* காரணமின்றி எடை குறைதல், கடும் சோர்வு

அடைப்பினால் ஏற்படும் கிருமித் தொற்று, நுண்ணுயிர் எதிர்ப்பு மருந்துகளால் தற்காலிகமாகக் குறையலாம். இதை நோய் குணமானதாகக் கருதிவிடக் கூடாது.

எவ்வாறு பரவுகிறது?

புற்றுநோய், காசநோயைப் போல ஒருவரிடமிருந்து மற்றவருக்குத் தொற்றுவதில்லை. இங்கு பரவல் என்பது நோயாளியின் உடலுக்குள் நிகழ்வதாகும். புற்றுநோய் செல்கள் முதலில் அருகிலுள்ள நிணநீர் முடிச்சுகளுக்கும், பின்னர் ரத்தத்தின் வழியாக மூளை, எலும்பு, கல்லீரல், அட்ரினல் சுரப்பி, மற்றொரு நுரையீரல் ஆகியவற்றுக்கும் செல்கின்றன.

பரவிய இடத்தைப் பொருத்து அறிகுறி மாறும். குரல்வளைக்குச் செல்லும் நரம்பு பாதிக்கப்பட்டால் குரல் கம்மும். மார்பிலுள்ள பெரிய ரத்தக்குழாய் அழுத்தப்பட்டால் முகமும் கழுத்தும் வீங்கும். எலும்பில் பரவினால் முதுகு அல்லது இடுப்பில் ஓயாத வலி ஏற்படும். மூளையில் பரவினால் தலைவலி, வலிப்பு, கை கால் பலவீனம் தோன்றலாம். எலும்புக்கோ மூளைக்கோ பரவினாலும் அது நுரையீரல் புற்றுநோயாகவே கருதப்பட்டுச் சிகிச்சை அளிக்கப்படும்.

யாருக்கு ஆபத்து?

சிகரெட், பீடி புகைத்தலே முதன்மைக் காரணம். எனினும், புகைக்காதவர்களுக்கும் இந்நோய் வருகிறது. பிறர் விடும் புகை, விறகடுப்புப் புகை, கல்நார் துகள்கள் ஆகியவையும் காரணங்களாகும். காற்று மாசைப் புற்றுநோய் உண்டாக்கும் காரணியாக மேற்கண்ட முகமை 2013-இல் அறிவித்தது.

என்ன செய்ய வேண்டும்?

இரண்டு வார இருமல் இருந்தால் அரசு மருத்துவமனைகளில் இலவசமாகச் செய்யப்படும் சளிப் பரிசோதனையை மேற்கொள்ள வேண்டும். அதில் காசநோய்க் கிருமி இல்லை எனத் தெரிந்தும் அறிகுறிகள் நீடித்தாலோ, காசநோய் மருந்து உட்கொண்டு சில வாரங்களாகியும் முன்னேற்றம் இல்லாவிட்டாலோ, சி.டி. ஸ்கேன் தேவையா என மருத்துவரிடம் கேட்பது அவசியம். திசுப் பரிசோதனையே புற்றுநோயை உறுதி செய்யும். அதேவேளையில், இரு நோய்களும் ஒருவருக்கே இருக்கக்கூடும் என்பதால், காசநோய் மருந்தை நோயாளி தாமாக நிறுத்தக் கூடாது.

நோய் நுரையீரலுக்குள் அடங்கியிருக்கும் தொடக்க நிலைகளில் அறுவைச் சிகிச்சை மூலம் குணமாகும் வாய்ப்பு உண்டு. பிற உறுப்புகளுக்குப் பரவிய நான்காம் நிலையில், பெரும்பாலும் நோயைக் கட்டுப்படுத்தி வாழ்நாளை நீட்டிப்பதே சிகிச்சையின் நோக்கமாகிறது. எனவே, நீடிக்கும் இருமலுக்கான காரணத்தை உறுதி செய்வதில் மாதங்களை இழக்காதிருப்பதே முக்கியம்.