உங்களுக்குத் தெரியுமா? பேச்சில் மறைந்து புத்தகத்தில் வாழும் ஒரு பிரெஞ்சு வினை

பாரிஸில் இருக்கும் சொந்தக்காரரிடம் போவதற்காகவோ, சுற்றுலா வழிகாட்டி ஆவதற்காகவோ, உயர்தரப் பரீட்சைப் பாடமாகவோ பிரெஞ்சைக் கையில் எடுக்கும் பிள்ளைகள் இரத்தினபுரி, கேகாலைத் தோட்டங்களிலிருந்தும் வரலாம். வினை அட்டவணையின் கடைசிப் பக்கங்களுக்கு வந்ததும் யாருக்கும் மலைப்புத் தட்டும். அங்கே இருப்பதன் பெயர் சுப்ஜோங்க்திஃப் ஏம்பர்ஃபே. இந்த முறைத் துணுக்குகள் அதையும், பிரெஞ்சுக்கும் நமக்கும் உள்ள சில தொடர்புகளையும் பற்றியவை.

● "அவன் வர வேண்டும் என்று விரும்புகிறேன்." "அவன் வர வேண்டும் என்று விரும்பினேன்." தமிழில் கடைசி வினை காலம் மாறினாலும் நடுவில் உள்ள 'வர வேண்டும்' அசைவதில்லை. பழைய பிரெஞ்சு இலக்கணம் அதையும் மாற்றச் சொல்கிறது. இன்றைய விருப்பம் என்றால் 'வியென்', நேற்றைய விருப்பம் என்றால் 'வேன்'. விருப்பம், அச்சம், சந்தேகம், கட்டளை என்று மனத்துக்குள் நிற்கும் செயல் ஒன்று இறந்தகால வாக்கியத்தில் வரும்போது அந்த இரண்டாவது உருவம்தான் சுப்ஜோங்க்திஃப் ஏம்பர்ஃபே.

● இதை ஆக்கும் விதி ஒன்றே ஒன்று. அதற்கு விதிவிலக்கும் கிடையாது. எந்த வினையானாலும், கதை சொல்லும் இறந்தகாலமான பாஸே சேம்ப்லில் 'நீ' என்பதற்குரிய உருவத்தை எடுத்துக்கொள்ளுங்கள். பேசு என்ற வினைக்கு அது 'து பர்லா'. எழுதும்போது கடைசியில் ஒரு 'எஸ்' உண்டு, வாயில் வராது. அதன் பின்னால் இன்னொரு 'எஸ்', ஓர் 'இ' சேர்த்துவிட்டால் 'ஜ பர்லாஸ்' கிடைத்துவிடும். முடி என்பதற்கு 'ஃபினி' என்பது 'ஃபினிஸ்' ஆகும். இரு என்பதற்கு 'ஃப்யூ' என்பது 'ஃப்யூஸ்'. வா என்பதற்கு 'வேன்' என்பது 'வேன்ஸ்'. ஆறு இடங்களையும் வரிசையாகச் சொல்லிப் பாருங்கள்: ஜ பர்லாஸ், து பர்லாஸ், இல் பர்லா, நூ பர்லாசியோன், வூ பர்லாசியே, இல் பர்லாஸ். எழுத்தில் ஆறும் வேறு வேறு. காதுக்கு மூன்று ஒன்றேதான். மாணவர் உழைக்க வேண்டியது பாஸே சேம்ப்லில். அது மனப்பாடமானால் இது தானாக வந்து சேரும். பிரெஞ்சின் மிகக் கடினமான உருவம் என்று சொல்லிப் பிள்ளைகளைப் பயமுறுத்துவது நியாயமில்லை.

● மேலே உள்ள ஆறில் 'அவன்' வடிவம் மட்டும் தனிவழி போகிறதைக் கவனித்தீர்களா? அதில் 'ஸ்' ஒலி இல்லை. பழைய பிரெஞ்சில் இருந்தது. பிறகு ஒலி தேய்ந்தது, எழுத்தும் போனது. போன 'எஸ்'ஸுக்கு அடையாளமாக முன்னாலிருந்த உயிரெழுத்தின் தலையில் கூரை போல ஒரு குறி போட்டார்கள். பிரெஞ்சுக்காரர் மருத்துவமனையை 'ஒபித்தால்' என்று சொல்லி அதன் 'ஓ'வுக்கு மேல் அதே கூரையைப் போடுவதும் இதே காரணத்தால்தான். தோட்டத்து ஆஸ்பத்திரி என்று நாம் சொல்லும்போது அந்தத் தொலைந்த 'ஸ்' நம் வாயில் பத்திரமாக இருக்கிறது.

● 1990இல் பிரெஞ்சு எழுத்துமுறையைத் திருத்தியபோது 'ஐ', 'யூ' எழுத்துகளின் மேலுள்ள கூரையைப் பல சொற்களில் விட்டுவிடலாம் என்று அனுமதித்தார்கள். இந்த வினை உருவத்தில் அதை விடக்கூடாது என்றார்கள். காரணம் உண்டு. 'ஃப்யூ' என்று கூரையில்லாமல் எழுதினால் 'இருந்தான்'. கூரையோடு எழுதினால் 'இருந்திருக்க வேண்டும்', 'இருந்தாலும்' என்ற பக்கம் பொருள் போய்விடும். காதுக்கு இரண்டும் ஒரே ஒலி.

● கேகாலை மாவட்டத்துக் கித்துல்கலவுக்கும் பிரெஞ்சு இலக்கியத்துக்கும் ஒரு பாலம் உண்டு. 1957இல் வெளிவந்து ஏழு ஆஸ்கர் விருதுகளைப் பெற்ற 'தி பிரிட்ஜ் ஆன் த ரிவர் க்வாய்' படத்துக்காக இயக்குநர் டேவிட் லீன் களனி கங்கையின் மேல் மரப்பாலம் கட்டி, அதை வெடிவைத்துத் தகர்த்தது அங்கேதான். பாலத்தின் அடித்தளங்களை இன்றும் ஆற்றங்கரையில் பார்க்கலாம். படத்தின் மூலக் கதை பிரெஞ்சு நாவல், வெளிவந்த ஆண்டு 1952. எழுதிய பியேர் பூல் 1936 முதல் மலாயாவில் ரப்பர் தோட்டத்தில் வேலை பார்த்தவர். அதாவது, யட்டியாந்தோட்டையிலும் தெரணியகலவிலும் நம் ஆட்கள் பால்வெட்டுக்குப் போய்க்கொண்டிருந்த காலத்தில், கடலுக்கு அப்பால் நம்மைப் போன்ற தமிழர் பால்வெட்டிய நாட்டில் இருந்தவர் அவர். அந்தக் காலத்துப் பிரெஞ்சு நாவல்கள் பெரும்பாலும் பாஸே சேம்ப்லில் கதை சொல்லும். அந்த நடையில் 'ஃப்யூ', 'யூ', 'வேன்' என்று கூரை வைத்த உருவங்கள் வந்துகொண்டே இருக்கும். கித்துல்கலவுக்கு வரும் பிரெஞ்சுப் பயணிக்கு ஆற்றைக் காட்டும் வழிகாட்டி ஒருவர் அந்த நாவலை மூல மொழியில் படித்திருந்தால் எப்படி இருக்கும்! அது எட்டாத ஆசை இல்லை.

● அதே பாலத்தைப் பற்றி நாம் சொல்லியாக வேண்டிய ஒன்றும் உண்டு. படத்தில் முன்னால் நிற்பவர்கள் பிரித்தானியப் போர்க் கைதிகள். கதையில் வரும் பாலம் 1942-43இல் ஜப்பானியர் போட்ட சயாம்-பர்மா ரயில்பாதைக்கானது. அந்தப் பாதை வேலைக்கு மலாயாத் தோட்டங்களிலிருந்து பல்லாயிரம் தமிழ்த் தொழிலாளர்களும் கொண்டுபோகப்பட்டார்கள். காலராவிலும் பட்டினியிலும் மாண்டவர்கள் எத்தனையோ பேர். உலகம் கைதட்டிய கதையில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை.

● இரத்தினபுரி மாவட்டத்தில், ஹோட்டன் சமவெளியின் உலக முடிவுக்குக் கீழே ஒரு தேயிலைத் தோட்டத்துக்கே பிரெஞ்சுப் பெயர்: நொன்பரேல். நிகரில்லாதது என்று பொருள். ஆங்கிலத் துரைமார் வழியாக வந்த பெயர்.

● பிரெஞ்சுக்காரர் பேச்சில் கைவிட்ட இந்த உருவத்தை அதன் உடன்பிறப்பு மொழிகள் விடவில்லை. இத்தாலியரும் ஸ்பானியரும் போர்த்துக்கேயரும் தினப்பேச்சில் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். இவற்றில் பெரும்பாலானவை ஒரே லத்தீன் உருவத்திலிருந்து பிறந்தவை. பிரெஞ்சில் 'பர்லாஸ்' என்றால் போர்த்துக்கேயத்தில் 'ஃபலாஸ்'. வேர்ச்சொல் வேறு, வால் ஒன்று. கேகாலைப் பக்கத்து மெனிக்கடவரவில் போர்த்துக்கேயர் கோட்டை கட்டிப் படை வைத்திருந்தார்கள். ஆக, இந்த வினையின் உடன்பிறப்பை உயிரோடு பேசிய வாய்கள் நானூறு ஆண்டுக்கு முன்பே சப்ரகமுவ மண்ணில் இருந்திருக்கின்றன.

● பிரெஞ்சு அரசே இதன் பிடியைத் தளர்த்தியது தெரியுமா? கல்வி அமைச்சர் ஜோர்ஜ் லேக் 1901 பெப்ரவரி 26இல் வெளியிட்ட ஆணை, சில இடங்களில் இதற்குப் பதிலாக நிகழ்கால உருவத்தை எழுதும் பரீட்சார்த்திக்குப் புள்ளி குறைக்கக்கூடாது என்றது. 1976இல் வந்த இன்னோர் ஆணை அந்தச் சலுகையை விரித்தது.

● பேச்சிலிருந்து இது போனதற்குச் சத்தமும் ஒரு காரணம். 'பர்லாசியோன்' போன்ற நீள உருவங்கள் பிரெஞ்சுக் காதுக்கே கனமாகப் பட்டன. அறி என்ற வினைக்கு வரும் 'ஸ்யூஸ்', சப்பு என்ற வினையின் ஒலியோடு மோதியது. இப்படிப்பட்ட உருவங்களை அடுக்கிக் காதல் புலம்பலாக எழுதிய ஒரு கவிதை நகைச்சுவை எழுத்தாளர் அல்போன்ஸ் அலேயின் பெயரில் இன்றும் புகழோடு உலவுகிறது.

● பாரிஸின் லா ஷப்பெல் பகுதியில் கடை வைத்திருக்கும் நம்மவருக்கு இது தேவையா? பேசுவதற்குத் தேவையே இல்லை. பிரெஞ்சுக் குடியுரிமைக்குக் கேட்கும் மொழித்தரம் 2026 ஜனவரி 1 முதல் பி1இலிருந்து பி2 ஆக உயர்ந்தது. அந்தத் தரத்திலும் இந்த உருவத்தை வாயால் சொல்லும்படி யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள். 'வேன்' வர வேண்டிய இடத்தில் 'வியென்' என்றே சொல்லலாம். பிரெஞ்சுக்காரரும் அப்படித்தான் பேசுகிறார்கள். படிக்கும்போது அடையாளம் தெரிந்தால் போதும்.

● எழுத்துக்கு ஒன்று, பேச்சுக்கு ஒன்று என்பது நமக்குப் புதிதே அல்ல. லயத்து வாசலில் "அவங்க வரணும்னு நெனச்சேன்" என்று சொல்லும் பிள்ளை, பள்ளிக்கூடக் கொப்பியில் "அவர்கள் வர வேண்டும் என்று நினைத்தேன்" என்று எழுதுகிறது. இரண்டுக்கும் நடுவே ஒரு நாளில் எத்தனை தடவை போய் வருகிறது! இந்தப் பழக்கம் பிரெஞ்சு படிக்கும் தமிழ்ப் பிள்ளைக்குப் பெரிய பலம் என்று உறுதியாக நம்புகிறேன். பேச்சில் இல்லாத உருவம் புத்தகத்தில் ஏன் இருக்கிறது என்று அதற்கு விளக்கத் தேவையில்லை. ஆசிரியர்கள் இதைச் சொல்லித் தொடங்கினால் பாதி பயம் போய்விடும்.

● எதிர்த்திசையில் நடந்தவரும் உண்டு. 1843இல் பிறந்த ஜூலியன் வென்சோன் காரைக்காலில் வளர்ந்து தமிழ் கற்றவர். பின்னாளில் பாரிஸில் கீழைமொழிகள் பள்ளியில் தமிழ் கற்பித்தார். பிரெஞ்சுக்காரர் தமிழ் படிப்பதற்காக அவர் எழுதிய கைந்நூல் 1903இல் வெளிவந்தது.

● நாவல் படிக்கத் தொடங்குபவர் ஆறு இடங்களையும் ஒரேயடியாக நெட்டுருப் போட வேண்டியதில்லை. நூல்களில் பெரும்பாலும் வருவது 'அவன்' வடிவம். இந்த ஆறை முதலில் பிடித்துக்கொள்ளுங்கள்: ஃப்யூ (இரு), யூ (உடைத்தாயிரு), வேன் (வா), ஃபி (செய்), ப்யூ (இயலு), த்யூ (வேண்டியிரு). எல்லாவற்றுக்கும் தலையில் கூரை, கடைசியில் ஒலிக்காத 'டி'. முதலாவதோடு 'ஸ்' ஒட்டிய 'ஃப்யூஸ்' என்ற தொடர், 'அதுவாகவே இருந்தாலும்' என்ற பொருளில், இன்றைய எழுத்து நடையிலும் வரும்.