கேலி செய்த மஞ்சப்பைக்கு மீண்டும் மவுசு!

131 தடவை தூக்கினால்தான் பலன்

தளவாய்புரம்:

மஞ்சப்பையோடு போனால் "பட்டிக்காட்டு ஆளுப்பா!" என்று கேலி செய்த காலம் ஒன்று உண்டு. இப்போது அதே பையை அரசாங்கமே தூக்கச் சொல்கிறது!

14 வகை பிளாஸ்டிக் பொருட்களுக்கு 2019 ஜனவரி 1-ந் தேதி தமிழகத்தில் தடை வந்தது. 2021 டிசம்பர் 23-ந் தேதி "மீண்டும் மஞ்சப்பை" இயக்கத்தை அரசு தொடங்கியது. 10 ரூபாய் போட்டால் பை தரும் எந்திரம் 2022-ல் சென்னை கோயம்பேட்டுக்கு வந்தது.

சாக்கடையை அடைத்து வெள்ளத்தைப் பெரிதாக்கியதால் வங்காளதேசம் 2002-லேயே பாலிதீன் பையை விரட்டியது.

மூலையில் போடாதீங்க!

துணிப்பையும் சும்மா வருவதில்லை. பருத்திக்குத் தண்ணீர், உரம், நெய்ய மின்சாரம். எனவே வாங்கி மூலையில் போட்டால் நஷ்டமே.

பூமி சூடாவதை வைத்து இங்கிலாந்து சுற்றுச்சூழல் துறை 2011-ல் கணக்குப் போட்டது. ஒரு தடவையில் வீசும் பிளாஸ்டிக் பையைவிட லாபம் வேண்டுமானால், புதுப் பருத்திப்பையை 131 தடவையாவது தூக்க வேண்டுமாம்!

கைவசம் துணி

தளவாய்புரமோ நைட்டி தைக்கும் ஊர். வெட்டியது போக மிஞ்சும் துணியில் பை தைத்தால் புதுப் பருத்தி தேவையில்லை. காசும் மிச்சம்.

பிறகு ஒரே வேலைதான். கடைக்குக் கிளம்பும்போது செருப்பை மறக்காத மாதிரி பையையும் மறக்கக்கூடாது!