ஒரே சிலந்தி, இரண்டு சுபாவம்

அமெரிக்காவின் நியூ மெக்ஸிகோ மாநிலத்து வறண்ட புல்வெளியில், கோடை நண்பகலில் சிலந்தியால் வலைமேல் காத்திருக்க முடியாது. வெயில் அப்படி. அங்கே வாழும் அஜெலெனாப்ஸிஸ் அபெர்ட்டா என்ற புனல் வலைச் சிலந்தி இரை பிடிக்க வேண்டுமானால் அதன் உடல் வெப்பம் ஏறத்தாழ 21 முதல் 35 டிகிரி செல்சியஸுக்குள் இருக்க வேண்டும். திறந்த வெளியில் வலை கட்டினால் வேட்டைக்குக் காலையிலும் மாலையிலும் கொஞ்ச நேரமே மிஞ்சும். தரையில் ஒரு பள்ளமோ, புதர் நிழலோ, ஏதோ ஒரு பிராணி தோண்டிவிட்டுப்போன வளையின் வாயோ கிடைத்துவிட்டால் அந்த நேரம் நீளும். ஆயுள் ஏறக்குறைய ஓராண்டுதான். அதற்குள் வளர்ந்து, முட்டையிட்டு முடிக்க வேண்டிய உயிருக்கு இந்த நிழல்தான் பெரிய சொத்து.

இதன் வலையில் பசை கிடையாது. புல்லின்மேல் விரித்த மெல்லிய துணிபோல ஒரு பரப்பு. அதன் ஓரத்தில் உள்நோக்கிக் குவிந்து இறங்கும் ஒரு குழாய். மேலே குறுக்கும் நெடுக்குமாக ஓடும் இழைகளில் மோதிய பூச்சி கீழே விழுகிறது. குழாயின் வாயில் காத்திருக்கும் சிலந்தி அதிர்வை உணர்ந்த மறுகணம் பாய்ந்து கடித்து, உள்ளே இழுத்துக்கொண்டு போய்விடுகிறது. பசை செய்யவேண்டியதை இங்கே வேகம் செய்கிறது. குழாயின் மறுமுனை திறந்தே இருப்பதால் ஆபத்து வந்தால் அவ்வழியே தப்பியும் விடலாம்.

அஜெலெனாப்ஸிஸ் பேரினம் கனடாவிலிருந்து மெக்ஸிகோ வரை பரவியிருக்கிறது. அதே குடும்பத்தைச் சேர்ந்த அஜெலெனா சிலந்திகளை ஐரோப்பாவின் புல்வெளிகளிலும் வேலியோரங்களிலும் காணலாம். நம் ஊர்ப் புல்தரையில் அதிகாலைப் பனித்துளி கோத்துக் கிடக்கும் புனல் வலைகள் பெரும்பாலும் ஹிப்பாசா என்ற வேறொரு பேரினத்தின் வேலை. அது ஓநாய்ச் சிலந்திக் குடும்பம். அக்குடும்பத்தில் பெரும்பாலானவை வலையே கட்டாமல் ஓடித் திரிந்து வேட்டையாடும்போது, ஹிப்பாசா போன்ற சில மட்டும் இப்படி வலை கட்டிக் குடியிருப்பது வியப்புதான். ஆஸ்திரேலியாவின் சிட்னி நகரை ஒட்டி வாழும், கடித்தால் ஆளையே கொல்லக்கூடிய புனல் வலைச் சிலந்தியோ இவை எதற்கும் நெருங்கிய உறவல்ல.

என்னை மிகவும் ஈர்த்தது அபெர்ட்டாவின் குணம். டென்னசி பல்கலைக்கழகத்தின் சூசன் ரீச்சர்ட் இந்த ஒரே இனத்தை இரண்டு இடங்களில் வைத்துப் பல ஆண்டுகள் ஆராய்ந்தார். ஒன்று நியூ மெக்ஸிகோவின் வறண்ட புல்வெளி. மற்றொன்று அரிசோனாவில் ஓடைக்கரையில் மரங்கள் அடர்ந்த நிழல்நிலம். புல்வெளியில் நல்ல இடமும் குறைவு, இரையும் குறைவு. அங்குள்ள சிலந்தி அண்டை வீட்டாரைத் தள்ளியே வைக்கிறது. வலைக்குள் இன்னொன்று நுழைந்தால் மல்லுக்கு நிற்கிறது. வலையின் அதிர்வை வைத்தே எதிராளியின் எடையைக் கணித்துவிடும். வித்தியாசம் அதிகமென்றால் இளைத்தது விலகிவிடும். எடை ஒத்துப்போனால் பெரும்பாலும் வீட்டுக்காரரே ஜெயிப்பார்.

ஓடைக்கரையில் இரைக்குப் பஞ்சமில்லை. ஆனால் பறவைகள் அதிகம். அங்குள்ள சிலந்தி பயந்த சுபாவம் கொண்டது. ஆபத்தின் அறிகுறி தெரிந்து குழாய்க்குள் ஓடினால், திரும்பி வெளியே தலைகாட்ட நெடுநேரம் எடுத்துக்கொள்கிறது. இரு நிலத்துச் சிலந்திகளையும் பரிசோதனைக்கூடத்தில் ஒரே மாதிரி வளர்த்தபோதும் குஞ்சுகள் அவற்றின் பூர்விக நிலத்தின் குணத்தையே காட்டின. வயிறு நிறைய இரை கொடுத்தாலும் புல்வெளிச் சிலந்தி கேட்கும் எல்லையின் அளவு குறையவில்லை. பஞ்ச காலத்துக்குப் போதுமான நிலம் எவ்வளவு என்பது அதன் மரபணுவிலேயே எழுதப்பட்டிருக்கிறது.

ஆனால் ஓடைக்கரைச் சிலந்திகள், இரை மிகுந்த இடத்தில் எதிர்பார்க்கக்கூடிய அளவுக்கு அடக்கமாக இல்லை. தேவையில்லாத இடத்திலும் சில சமயம் சண்டைக்கு நிற்கின்றன. ஓடைக்கரை என்பது வறண்ட நிலத்தின் நடுவே ஓடும் ஒரு மெல்லிய பச்சைக் கீற்று. இரு பக்கமும் இருக்கும் வறள்நிலச் சிலந்திகள் இங்கே வந்து இணைசேர்கின்றன. அவற்றின் முரட்டுக்குணம் தலைமுறைதோறும் கலந்துகொண்டே இருக்கிறது என்பதே இதற்கு ரீச்சர்ட் கண்ட விளக்கம்.