வெயிலுக்குத் தப்பும் பாக்டீரியாக்கள்

பேரா மாநிலத்தின் பழைய ரப்பர் தோட்டங்களில் பாய், தலையணை, போர்வை ஆகியவற்றை வெயிலில் உலர்த்துவது வழக்கம். தோட்டங்களை விட்டு ஈப்போவில் குடியேறிய குடும்பங்களிலும் இவ்வழக்கத்தைக் காணலாம். வெயில் பட்டால் கிருமி சாகும் என்று பெரியவர்கள் கூறுவர். இது உண்மையே. ஆயினும், எல்லாப் பாக்டீரியாக்களும் ஒரே அளவு வெயிலுக்கு மடிவதில்லை. அதற்கான காரணங்களுள் ஒன்று, அவை தமக்குள் கைமாற்றிக்கொள்ளும் மரபணுக்கள் ஆகும்.

வெயிலில் உள்ள புற ஊதாக் கதிர்கள் பாக்டீரியாவின் டி.என்.ஏ. இழையைத் தாக்குகின்றன. அவ்விழையில் அடுத்தடுத்து இருக்கும் தைமின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொள்கின்றன. ஒட்டிய இடத்தில் டி.என்.ஏ.வைப் படியெடுக்கும் வேலை தடைபடுகிறது. படியெடுக்க இயலாத பாக்டீரியா பெருக முடியாமல் மடிகிறது.

பாக்டீரியாவும் சும்மா இருப்பதில்லை. சேதமடைந்த பகுதியை வெட்டி நீக்கிச் சரிசெய்கிறது. சேதம் மிகுந்தால், கடைசி முயற்சியாக, சேதமடைந்த இடத்தையும் தாண்டி அவசரமாகப் படியெடுக்கிறது. அப்போது தவறான எழுத்துகள் நுழைந்துவிடுகின்றன. பாக்டீரியா பிழைக்கிறது, ஆனால், பிழையோடு பிழைக்கிறது.

இந்த அவசர வேலைக்கான மரபணுக்கள் சில சமயம் வெளியிலிருந்தும் வந்து சேர்கின்றன. பாக்டீரியாவின் முதன்மை டி.என்.ஏ.வைத் தவிர, சிறு வளையமான டி.என்.ஏ.வும் அதனுள் இருக்கலாம். இவ்வளையத்திற்கு 1952ஆம் ஆண்டு ஜோசுவா லெடர்பர்க் 'பிளாஸ்மிட்' என்று பெயரிட்டார். அண்டை வீட்டாரிடம் கைமாற்றாக வாங்கும் கருவியைப் போல, பல பிளாஸ்மிட்டுகள் ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குச் செல்கின்றன.

'பி.கே.எம்.101' என்னும் பிளாஸ்மிட் இதற்குச் சிறந்த சான்று. இதைப் பெற்ற பாக்டீரியா புற ஊதாக் கதிரைக் கூடுதலாகத் தாங்குகிறது, அதன் டி.என்.ஏ.வில் பிழைகளும் பெருகுகின்றன. இத்தன்மையைப் பயன்படுத்தி, மரபணு மாற்றம் உண்டாக்கும் இரசாயனங்களைக் கண்டறியும் சோதனையை 1970களில் புரூஸ் ஏம்ஸ் மேம்படுத்தினார். இதே பிளாஸ்மிட், ஆம்பிசிலின் என்னும் மருந்தை எதிர்க்கும் மரபணுவையும் சுமக்கிறது.

வெளியிலிருந்து வரும் டி.என்.ஏ. எப்போதும் காப்பதில்லை. பாக்டீரியாவைத் தாக்கும் சில வைரஸ்கள் அதன் டி.என்.ஏ.வோடு இணைந்து உறங்குகின்றன. புற ஊதாக் கதிர் பட்டதும் அவை விழித்துப் பெருகி, பாக்டீரியாவை உடைத்து வெளியேறுகின்றன. 1950இல் பாரிசில் ஆந்திரே லுவோஃபும் அவருடைய குழுவினரும் இதைக் கண்டறிந்தனர். எனவே, கைமாறி வந்த மரபணு ஒரு பாக்டீரியாவைக் காக்கவும் கூடும், அழிக்கவும் கூடும்.

இதில் நமக்கு என்ன பாடம்? பிளாஸ்மிட் உள்ள பாக்டீரியாவும் போதுமான கதிர் பட்டால் மடியும். அரைகுறையாகப் பட்டால்தான் ஆபத்து. தெளிந்த நீரை ஒளிபுகும் புட்டியில் நிரப்பிச் சுத்திகரிக்க நல்ல வெயிலில் ஆறு மணி நேரம் தேவை. மேகமூட்டமானால் இரண்டு நாள்கள் தேவை. கலங்கிய நீரில் கதிர் உள்ளே செல்லாது. பிற்பகல் மழை மிகுந்த பேரா மாநிலத்தில் வெயிலை மட்டும் நம்பாமல் நீரைக் கொதிக்க வைத்துப் பருகுவதே பாதுகாப்பானது. அரைகுறைச் சுத்திகரிப்பில் தப்பும் பாக்டீரியாக்கள் மீண்டும் பெருகும். தம் மரபணுக்களைப் பிறவற்றுக்கும் வழங்கும்.