சிவப்பு விளக்கு மின்னினால் தள்ளிப் பயனில்லை

இரங்கூன் நகரின் அனோரத்தா வீதியில், காளி கோவிலுக்குச் சற்றுத் தள்ளி, நாம் ஏறியிருந்த வாடகைக் கார் ஒரு காலை வேளையில் புறப்பட மறுத்தது. சாரதி திறப்பைத் திருப்பினார். ஸ்ராட்டர் நன்றாகவே சுழன்றது. இயந்திரம் ஒரு கணம் உயிர்பெற்று உடனே அடங்கியது. மீண்டும் திருப்பினார், மீண்டும் அதே கதை. தெருவில் நின்றவர்கள் கூடித் தள்ளினர். தானியங்கி கியர் வண்டியைத் தள்ளி இயக்க முடியாதென்பதை எவரும் எண்ணவில்லை. எரிபொருள் பம்பு பழுது என்றார் ஒருவர். பற்றறியை மாற்றச் சொன்னார் இன்னொருவர். சாரதியின் முகம் வாடியது. கார் அவருடையதன்று. அந்நகரின் சாரதிகள் பலரைப் போல அவரும் உரிமையாளருக்கு நாள்வாடகை கட்டி ஓட்டுபவர். வண்டி ஓடினாலும் ஓடாவிட்டாலும் மாலையில் அப்பணம் கொடுபட வேண்டும்.

பக்கத்துச் சந்திலிருந்து கைகளைத் துடைத்தபடி வந்த முதிய தமிழ் மெக்கானிக் இயந்திர மூடியைத் திறக்கவேயில்லை. முன்பலகையில் மின்னிக்கொண்டிருந்த சிறு சிவப்பு விளக்கைப் பார்த்தார். திறப்புக் கொத்தைக் கேட்டு வாங்கினார். உரிமையாளரின் இன்னொரு காரின் திறப்பை யாரிடமோ ஒப்படைக்கவென்று சற்று முன்னர்தான் சாரதி அதே வளையத்தில் கோத்திருந்தார்.

"வேற வண்டிச் சாவியும் கூடவே தொங்குதுங்க ஐயா. ரெண்டும் ஒரே நேரத்துல பேசுனா, வண்டி யார் பேச்சைக் கேக்கும்?" என்றார் எம்மிடம். ஒன்றைக் கழற்றிவிட்டுத் திருப்பினார். கார் இயங்கியது.

அவர் கூறியது வேடிக்கையன்று. இத்தகைய திறப்பின் பிளாஸ்டிக் தலைக்குள் மிகச் சிறிய சிப் ஒன்று உண்டு. அதற்குப் பற்றறி தேவையில்லை. திறப்புத் துவாரத்தைச் சுற்றியுள்ள கம்பிச்சுருள் ஏறக்குறைய 125 கிலோஹேர்ட்ஸ் அலைவரிசையில் மின்காந்தப் புலத்தை எழுப்ப, அதிலிருந்தே சக்தி பெற்றுச் சிப் தன் அடையாளத்தைத் தெரிவிக்கிறது. காரின் கணினி அதை ஏற்காவிடில் எரிபொருளை அல்லது தீப்பொறியை நிறுத்திவிடும். திறப்பின் பற்கள் எவ்வளவு சரியாக வெட்டப்பட்டிருந்தாலும் பயனில்லை. இம்மொபிலைசர் எனப்படும் இக்களவுத் தடுப்பு ஐரோப்பிய ஒன்றியத்தில் 1998 ஒக்ரோபர் முதலும் கனடாவில் 2007 செப்டெம்பர் முதலும் புதிய கார்களுக்குக் கட்டாயமாயிற்று. ஆகவே இது இரங்கூன் சாரதிக்கு மட்டும் உரிய தலையிடியன்று.

எனினும் இரங்கூனில் அது கூடுதலாக வருத்துவதற்குக் காரணம் உண்டு. 40 ஆண்டுகளைக் கடந்த வாகனத்தை ஒப்படைத்தால் இறக்குமதி அனுமதி வழங்கப்படுமென 2011 செப்டெம்பரில் அரசு அறிவித்தது; அவ்வயதெல்லை பின்னர் தளர்த்தப்பட்டது. பழைய தகரங்கள் மறைந்து, யப்பானில் பாவித்த கார்கள் வந்து குவிந்தன. (1970 முதல் வீதியின் வலப்பக்கமாக வண்டியோட்டும் நாட்டில் இவற்றின் ஸ்ரியறிங்கும் வலப்பக்கமே, அது வேறு கதை.) கையேடு யப்பானிய மொழியில் இருக்கும். திறப்போ பல வேளைகளில் ஒன்றே ஒன்று. உரியவராயிருந்தும் அத்தாட்சி இல்லையென்று வாசலில் நிறுத்தப்படுவது எமக்குப் புதிதன்று. ஆனால் காரிடம் மனுக் கொடுக்கவும் வழியில்லை.

குறியை அறிவது கடினமன்று. ஸ்ராட்டர் சுழலாமல் விளக்குகளும் மங்கினால் முதலில் பற்றறியைப் பாருங்கள். அது தளர்ந்திருந்தால் கணினி திறப்பை அடையாளம் காணவும் தவறலாம். ஸ்ராட்டர் சுழன்றும் இயந்திரம் பற்றாவிட்டால், அல்லது பற்றி ஓரிரு விநாடியில் அணைந்தால், விளக்கை நோக்குங்கள். நிறுத்திய காரில் சிவப்பு விளக்கு மின்னுவது வழமை. திறப்பைத் திருப்பிய பின்னரும் மின்னினால்தான் ஐயம். ஹொண்டா கார்களில் இது திறப்பு வடிவிலான பச்சை விளக்காக இருக்கும். திறப்பைக் கொத்திலிருந்து தனியே எடுத்து, இரும்பு வளையமோ வேறு திறப்போ தொடாமல் முயலுங்கள். மாற்றுத் திறப்பு இருந்தால் அதையும் போட்டுப் பாருங்கள்.

பொத்தான் அழுத்தி இயக்கும் கார்களில் பெரும்பாலும் ஏமாற்றுவது கைக்கருவியிலுள்ள நாணயம் போன்ற பற்றறி. கருவிக்குள் ஒளிந்திருக்கும் சிறு திறப்பால் கதவைத் திறந்து, பிரேக்கை மிதித்தபடி, கருவியைப் பொத்தானோடு ஒட்டிப் பிடித்தால் பல கார்கள் இயங்கிவிடும்.

திறப்பு ஒன்றுதான் இருக்கிறதென்றால் அது நல்ல நிலையில் இருக்கும்போதே இரண்டாவதைப் பதிவு செய்துகொள்ள வேண்டும். பல வண்டிகளில் அது சிறிய வேலை. எல்லாத் திறப்புகளும் தொலைந்தபின் கணினியையே திருத்தவோ மாற்றவோ நேரும், செலவு பன்மடங்கு. சிலர் பழைய சிப் ஒன்றைக் கம்பிச்சுருளின் அருகே ஒட்டிவிட்டு, வெறும் திறப்பால் ஓட்டுகின்றனர். அது வாசற்கதவில் திறப்பைத் தொங்கவிட்டு உறங்குவதற்கு ஒப்பானது. நாம் பரிந்துரைக்க மாட்டோம்.

முதியவர் பணம் வாங்க மறுத்து, தேநீர் மட்டும் அருந்தினார். சாரதி மற்றத் திறப்பைக் கடதாசியில் சுற்றிச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டார். இந்தக் காருக்கு மாற்றுத் திறப்பு உண்டா என்று உரிமையாளரைத் தொலைபேசியில் கேட்கச் சொன்னோம். உண்டாம், எந்த அலுமாரியில் என்பதுதான் நினைவில்லையாம்.