அமைச்சரவைக் குறிப்பில் இடம்பெறாத ஒப்பந்தம்: ஆன்ட்ரிக்ஸ் - தேவாஸ் விவகாரம் தரும் பாடம்

இஸ்ரோவின் வணிகப் பிரிவான ஆன்ட்ரிக்ஸ் நிறுவனமும் தேவாஸ் மல்டிமீடியா என்ற தனியார் நிறுவனமும் 2005-ம் ஆண்டு ஜனவரி 28-ம் தேதி செய்துகொண்ட ஒப்பந்தம், இருபது ஆண்டுகள் கழித்து அமெரிக்க உச்ச நீதிமன்றம் வரை சென்றுள்ளது. பெருந்தொகை சம்பந்தப்பட்ட வணிக முடிவுகளை, அவற்றின் எல்லா அம்சங்களையும் எழுத்தில் வைத்துப் பரிசீலிக்காமல் எடுத்தால் என்ன நேரும் என்பதற்கு இதைவிடச் சிறந்த உதாரணம் இருக்க முடியாது.

இவ்விரு நிறுவனங்களும் பெங்களூருவைத் தலைமையிடமாகக் கொண்டவை. ஆன்ட்ரிக்ஸ் 1992-ல் தொடங்கப்பட்ட, முழுவதும் மத்திய அரசுக்குச் சொந்தமான நிறுவனம். தேவாஸோ 2004 டிசம்பர் 17-ல்தான் பதிவு செய்யப்பட்டது. அதாவது, ஒப்பந்தம் கையெழுத்தானபோது அதற்கு வயது ஆறு வாரங்களே.

ஜிசாட்-6, ஜிசாட்-6ஏ ஆகிய இரு செயற்கைக்கோள்களின் அலைபரப்பித் திறனில் 90 சதவீதத்தை 12 ஆண்டுகளுக்கு தேவாஸுக்குக் குத்தகைக்கு விட ஒப்பந்தம் வகை செய்தது. இதன் மூலம் 70 மெகாஹெர்ட்ஸ் அளவுக்கு 'எஸ் பேண்ட்' அலைக்கற்றை அந்நிறுவனத்தின் பயன்பாட்டுக்குக் கிடைத்திருக்கும். குத்தகைத் தொகை சுமார் 30 கோடி டாலர்.

மறைந்துபோன விவரம்

இத்திட்டத்தை விண்வெளித் துறைக்குள் ஒரு குழு ஆராய்ந்தது உண்மையே. ஆனால் ரூ.269 கோடி மதிப்பிலான ஜிசாட்-6 திட்டத்துக்கு ஒப்புதல் கோரி 2005 இறுதியில் மத்திய அமைச்சரவைக்கு அனுப்பப்பட்ட குறிப்பில், ஏற்கெனவே கையெழுத்தாகிவிட்ட இந்த ஒப்பந்தம் பற்றி ஒரு வார்த்தைகூட இல்லை. செயற்கைக்கோளைப் பயன்படுத்தப் பல நிறுவனங்கள் விருப்பம் தெரிவித்துள்ளன என்று மட்டுமே அதில் கூறப்பட்டிருந்தது. யாருக்காகச் செயற்கைக்கோள் தயாரிக்கப்படுகிறது என்பதை அறியாமலேயே அமைச்சரவை ஒப்புதல் அளித்தது.

அந்த விவரம் குறிப்பில் இடம்பெற்றிருந்தால், ராணுவத்துக்கும் ரயில்வேக்கும் இதே அலைக்கற்றை தேவைப்படாதா, புதிய நிறுவனம் சொல்லும் தொழில்நுட்பம் அதனிடம் உண்மையில் உள்ளதா, அரசு பின்வாங்க நேரிட்டால் வழி என்ன என்ற கேள்விகள் அப்போதே எழுந்திருக்கும். அவை எழுந்தது ஆறு ஆண்டுகளுக்குப் பிறகுதான். பாதுகாப்பு உள்ளிட்ட தேவைகளைக் காரணம் காட்டி, 2011 பிப்ரவரி 17-ல் பாதுகாப்புக்கான அமைச்சரவைக் குழு ஒப்பந்தத்தை ரத்து செய்ய முடிவெடுத்தது.

தொடரும் வழக்குகள்

அரசின் முடிவு தன் கட்டுப்பாட்டுக்கு அப்பாற்பட்டது என்ற ஆன்ட்ரிக்ஸின் வாதத்தைச் சர்வதேச நடுவர் தீர்ப்பாயம் ஏற்கவில்லை. தேவாஸுக்கு 56.25 கோடி டாலரும் வட்டியும் வழங்குமாறு 2015 செப்டம்பர் 14-ல் அது உத்தரவிட்டது. அதற்கு 18 நாள்களுக்கு முன்புதான் ஜிசாட்-6 விண்ணில் செலுத்தப்பட்டிருந்தது என்பது குறிப்பிடத்தக்கது.

பின்னர் காட்சிகள் மாறின. தேவாஸைக் கலைக்க பெங்களூருவில் உள்ள தேசிய நிறுவனச் சட்டத் தீர்ப்பாயம் 2021 மே மாதம் உத்தரவிட்டது. ஒப்பந்தமே மோசடியானது என்று கூறி, உச்ச நீதிமன்றம் 2022 ஜனவரி 17-ல் அதை உறுதி செய்தது. தேவாஸ் வழங்குவதாகச் சொன்ன தொழில்நுட்பம் ஒப்பந்த நாளில் இருக்கவே இல்லை என்பதும் தீர்ப்பின் முக்கிய அம்சமாகும். அதே ஆண்டு ஆகஸ்டில் நடுவர் தீர்ப்பாயத்தின் உத்தரவை தில்லி உயர் நீதிமன்றம் ரத்து செய்தது.

எனினும் விவகாரம் அதோடு முடியவில்லை. வட்டியுடன் சுமார் 129 கோடி டாலர் தர வேண்டும் என்று அமெரிக்க நீதிமன்றம் ஒன்று 2020-ல் தீர்ப்பளித்திருந்தது. அதை மேல்முறையீட்டு நீதிமன்றம் ரத்து செய்தபோதிலும், அந்த ரத்து உத்தரவுக்கான காரணம் சரியல்ல என்று 2025 ஜூன் 5-ல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் ஒருமனதாகத் தீர்ப்பளித்து, வழக்கை மறுபரிசீலனைக்குத் திருப்பி அனுப்பியது.

விவகாரத்துடன் தொடர்புபடுத்தப்பட்ட முன்னாள் அதிகாரிகள் தங்கள் மீதான குற்றச்சாட்டுகளை மறுத்துள்ளனர். அவர்கள் தரப்பில் நியாயம் இருப்பதாகவே வைத்துக்கொண்டாலும், முழு விவரங்கள் அடங்கிய ஒரு குறிப்பு முறைப்படி அமைச்சரவைக்குச் சென்றிருந்தால் அதுவே அவர்களுக்கும் அரசுக்கும் பாதுகாப்பாக இருந்திருக்கும். அலைக்கற்றையும் செயற்கைக்கோளும் மக்களின் சொத்து. அவற்றைக் கைமாற்றும் எந்த முடிவும் கையெழுத்தாவதற்கு முன்பே காகிதத்தில் முழுமையாக இடம்பெற வேண்டும் என்பதையே இந்த நீண்ட வழக்கு உணர்த்துகிறது.