மெரிமேயின் சிறுகதையில் நாடக உத்தி

கதை கூறப்படுவது, நாடகம் காட்டப்படுவது. கூறாது காட்டியே ஒரு சிறுகதையை நடத்திச் செல்ல முடியுமோ? முடியும் என்பதற்குப் பிரெஞ்சு எழுத்தாளர் புறொஸ்பர் மெரிமே (1803–1870) சான்றாவர். அவர் நாடக வாயிலாகவே எழுத்துலகிற் புகுந்தவர். 1825இல் வெளிவந்த தமது நாடகத் தொகுதியைக் கிளாரா காசுல் என்னும் கற்பனை ஸ்பானிய நடிகையின் படைப்பெனவே உலகுக்கு அளித்தார். 1829இல் அவர் எழுதிய ‘மத்தேயோ பல்கோனே’ என்னும் சிறுகதையில் அப்பயிற்சியின் பயனைக் காணலாம்.

கதை நிகழ்வது கோர்சிக்காத் தீவில். முதற்கண் அடர்ந்த புதர்க்காட்டையும் அதனருகேயுள்ள வீட்டையும் ஆசிரியர் வருணிக்கிறார். இஃது அரங்கமைப்பு. பெற்றோர் வெளியே செல்ல, பத்து வயதுச் சிறுவன் தனித்திருக்கிறான். படையினருக்குத் தப்பிக் காயத்துடன் ஓடிவரும் ஒருவனை, வெள்ளி நாணயம் ஒன்றைப் பெற்றுக்கொண்டு வைக்கோற்போரில் ஒளிக்கிறான். அவன் மறைந்ததும் படையினர் புகுகின்றனர். அவன் பிடிபட்டதும் தந்தை வருகிறான். ஒருவர் மறைய ஒருவர் தோன்றும் இம்முறை மேடைக்கே உரியது.

நாடகத்தில் ஒரு பொருள் பல சொற்களின் வேலையைச் செய்யும். இங்கே அது ஒரு வெள்ளிக் கடிகாரம். உறவினனாகிய படையதிகாரி அதனைச் சிறுவன் கண்முன் ஆட்டிக் காட்டுகிறான். சிறுவன் வாய் திறவாது, பெருவிரலால் வைக்கோற்போரைச் சுட்டுகிறான். பின்னர், முன் பெற்ற நாணயத்தைப் பிடிபட்டவனிடமே எறிந்துவிடுகிறான். ஆசையும் நாணமும் இரண்டு செய்கைகளில் அடங்கிவிட்டன.

பிடிபட்டவன் வாசலில் உமிழ்ந்து, அவ்வீட்டைத் துரோகியின் வீடென இகழ்கிறான். தந்தை கடிகாரத்தைக் கல்லில் எறிந்து உடைக்கிறான். மகனைப் பள்ளத்துக்கு அழைத்துச் சென்று, செபஞ் சொல்வித்துச் சுட்டுக் கொல்கிறான். ஓடிவரும் தாயிடம், மகனைப் புதைக்கப்போவதாகவும், மருமகனைத் தம்முடன் வந்து வாழச் சொல்லும்படியும் கூறுகிறான். அச்சொற்களோடு திரை விழுகிறது.

ஆசிரியர் அழவுமில்லை; அறமுரைக்கவுமில்லை. ஆதலின் தீர்ப்பு நம்மிடம் வந்து சேர்கிறது. அடைக்கலம் புகுந்தவனைக் காட்டிக்கொடுத்தல் பெருங்குற்றமே. ஆயின் அதனைச் செய்தவன் பாலகன். நாணயத்தையும் கடிகாரத்தையும் நீட்டி ஆசையை வளர்த்தவர்களோ முதிர்ந்தோர். வகுப்பில் இக்கதையைக் கூறியபோது மாணவர் இருபக்கமாகப் பிரிந்து வாதாடினர். மணியடித்தும் வாதம் ஓயவில்லை. ஆசிரியர் ஒரு வரியேனும் தீர்ப்பாக எழுதியிருப்பின் அவ்வாதம் எழுந்திராது.

கதை எழுத விழையும் மாணவர் இதனை உளங்கொள்வாராக: பாத்திரத்தின் துயரை நாம் விரித்துரைக்குந்தோறும் படிப்போன் உணர்தற்குரிய இடம் குறைகிறது. செய்கையைக் காட்டுக, பொருளை அவன் உள்ளம் கண்டுகொள்ளும்.